வாலடியில் இருக்கிறது விடை

கொழும்பில் லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி வாங்கும்போது "சோடிதான் தம்பி" என்று தந்தார்கள். ஒன்றாக விட்டதும் ஒரே கடிபாடு. சரி, பிரித்துவைத்து, கடுவனா பெட்டையா என்று நானே பார்த்தேன். கையில் கவிழ்த்தால் துள்ளும், வாலைப் பிடித்தால் கழற்றிவிடும். தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் விட்டு, கீழிருந்து போனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். பின்னங்கால்களுக்கு நடுவே கவிழ்த்த 'வி' வடிவில் மெழுகடைத்த துளைகள், வாலடியில் இரட்டைப் புடைப்பு. இரண்டுமே கடுவன்! பெட்டைக்கு மங்கலான புள்ளிகள்தான், அந்தப் புடைப்பு இராது. சின்னக் குஞ்சில் இதெல்லாம் வடிவாகத் தெரியாது. முட்டை ஏறக்குறைய 32 பாகை செல்சியஸில் இருந்தால் கடுவன் கூடுதல், 27இல் பெரும்பாலும் பெட்டை. கடைக்காரருக்கு அது எங்கே தெரியப்போகிறது? அப்புறம் ஒன்றைக் கொடுத்துப் பெட்டை மாற்றினேன், வாலடி பார்த்துத்தான். அந்தப் பெட்டை 45 கிராமாவது வந்தபிறகே சேர்ப்பேன்.