பழைய ஜன்னல் கண்ணாடி வாங்கப் போறீங்களா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுக் கண்ணாடி வாங்கினால், அதன் வழியாக எதிரே போகும் கரண்ட் கம்பியைப் பார்த்தபடி தலையை மெல்ல அசையுங்கள். கம்பி நெளிந்து, கண்ணாடிக்குள் நீண்ட குமிழிகளும் தெரிந்தால், அநேகமாக ஊதிச் செய்த பழைய சரக்கு. 1950-களில் பில்கிங்டன் கம்பெனி கொண்டுவந்த முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் ஃப்ளோட் கண்ணாடியில் கம்பி நேராகவே இருக்கும். (நெளிவோடு புதிதாகவும் செய்கிறார்கள், உஷார்!)

"அடிப்பக்கம் தடிப்பா இருக்கு பாருங்க, நூறு வருஷமா வழிஞ்சு இறங்கினது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கண்ணாடியில் அணுக்கள் திரவத்தில் போல ஒழுங்கில்லாமல் கிடப்பது நிஜம்தான். அதற்காக நம்ம ஊர் வெயிலில் அது ஒழுகாது. தடிப்பு, செய்யும்போதே வந்தது.

ஓரத்தில் பழைய மக்கு (கண்ணாடியைச் சட்டத்தில் பிடிக்க அப்பும் புட்டி) ஒட்டியிருந்தால் காய்ந்தபடியே சுரண்டாதீர்கள், கிளம்பும் தூசியில் விஷமான ஈயம் கலந்திருக்கலாம்.