ஊரில் புத்தகம் தேடப் போகிறவர்களுக்கு: முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து 16 நாள் லீவில் மகளையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போய் வந்தேன். அவளுக்கு 15 வயது, தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆடிப் பதினெட்டு அன்று அவளை வீராணம் ஏரிக்கரையில் உட்கார வைத்து, கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் முதல் அத்தியாயத்தை அவள் வாயால் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வந்தியத்தேவனின் குதிரை அந்தக் கரையில்தான், அந்த நாளில்தான் கதைக்குள் வருகிறது. அதற்காகவே ஆடி மாதம் பார்த்து டிக்கெட் போட்டேன். ஆனால் ஏரிக்கரைக்குப் போகவே முடியவில்லை. 16 நாளில் 9 நாள், அப்பாவின் புத்தகங்களுக்கு ஒரு போக்கிடம் தேடுவதிலேயே கழிந்தது. நல்ல தமிழ்ப் புத்தகங்களைத் தேடி ஊருக்குப் போகிறவர்கள் நான் செய்த தவறைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாங்குவதைப் பற்றி முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி ஜனவரியில் நடக்கும். வெளிநாட்டுக் கோடை லீவில், ஜூலை ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு அது வாய்க்காது, ஆகஸ்டில் ஈரோட்டில் நடக்கும் புத்தகத் திருவிழாதான் தோது. தஞ்சாவூர் அரண்மனையைப் பார்க்கப் போகிறவர்கள் உள்ளேயே இருக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தின் வெளியீடுகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். பழைய சுவடிகளிலிருந்து அவர்கள் பதிப்பித்தவை வேறு கடைகளில் சுலபமாகக் கண்ணில் படாது. கல்கி போன்ற நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் நூல்கள் பலவும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. பெட்டியின் எடையை அங்கே இல்லாத புத்தகங்களுக்கு ஒதுக்குங்கள். கல்கியை அச்சில்தான் வேண்டும் என்றால், பல பதிப்பகங்கள் போட்டிருப்பதால் முதல் பக்கத்தைத் திருப்பி, சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா என்று பாருங்கள். அப்புறம் ஐந்து பாகத்தையும் கடையிலேயே விரித்துப் பாருங்கள். ஒரு ஃபாரம் விட்டுப்போய், 16 பக்கம் குறைந்த புத்தகத்தை ஊர் திரும்பிய பிறகு யாரிடமும் மாற்ற முடியாது.

சரி, இனி பரண் கதை.

அப்பா தமிழாசிரியர். ரிட்டயர் ஆன பிறகு மாடி அறை முழுக்கப் புத்தகம்தான். நாலு வருஷமாகப் போனில் பேசும்போதெல்லாம், "ஒரு தடவை வந்து, எது எது உனக்கு வேணும்னு பிரிச்சு வச்சுட்டுப் போ" என்பார். அடுத்த லீவில் வருகிறேன் என்பேன். அந்த லீவு வருவதற்குள் அவர் போய்விட்டார். காரியத்துக்குப் போன 5 நாளில் மாடி ஏறவே எனக்கு மனம் வரவில்லை.

இந்த முறை போய் இறங்கிய மறுநாளே சித்தப்பா சொன்னார்: "ஆவணியில மாடிக்குக் குடி வர்றாங்கம்மா. அதுக்குள்ள அறை காலியாகணும். பேப்பர்காரன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்குவான்." எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அப்பாவை ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். நான் அப்போது எங்கே இருந்தேன்? அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம், அப்பா பெயரில் ஒரு அலமாரி இருக்கும் என்று நினைத்தேன். நல்ல புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தால் யாரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள் என்று நீங்களும் நினைத்திருந்தால், தயவுசெய்து அந்த நினைப்போடு விமானம் ஏறாதீர்கள். முதல் நாள் போனபோது பொறுப்பாளர் பயிற்சிக்குப் போயிருந்தார். ரெண்டாம் நாள் இருந்தார். "லிஸ்ட் இல்லாம எடுக்க முடியாதும்மா. நூல் பேரு, ஆசிரியர், பதிப்பகம், வருஷம், விலை. மூணு காப்பி." நானும் மகளும் மூன்று ராத்திரி உட்கார்ந்து 640 புத்தகத்துக்குப் பட்டியல் எழுதினோம். பாதிப் புத்தகத்தில் விலைப் பக்கமே செல்லரித்துப் போயிருந்தது. பட்டியலைக் கொண்டு போனால், வாரிசுதாரர்கள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிய கடிதம் வேண்டும் என்றார்கள். தம்பி சிங்கப்பூரிலிருந்து கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். படம் செல்லாது, மையில் போட்ட அசல் வேண்டும். அது கூரியரில் வர 4 நாள். வந்த பிறகு, "பைண்டிங் பண்ணின வாரப் பத்திரிகையெல்லாம் புஸ்தகத்துல வராது, அதை எடுத்துட்டு லிஸ்டைத் திருப்பி எழுதிட்டு வாங்க" என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய மேலதிகாரி ஆடிப் பதினெட்டு அன்று காலை 10 மணிக்கு வருவார் என்றும் சொன்னார்கள். 10 மணிக்குப் போய் உட்கார்ந்தோம். அவர் வந்தபோது மணி 4.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார், இன்னொருவர் மின்விசிறிக்குக் கீழே பெஞ்சை நகர்த்திப் போட்டார். ஆனால் எங்களுக்கு ஒரு நாள் என்பது என்ன என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. 16 நாளை எண்ணி எண்ணிச் செலவழிக்க வந்தவர்களுக்கு ஒரு பெஞ்சில் 6 மணி நேரம் என்றால் நெஞ்சு எரிகிறது. கொடுக்கிற எண்ணம் இருந்தால் கிளம்புவதற்கு 3 மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள், பட்டியலை வீட்டில் இருக்கிறவர்களை வைத்து முடியுங்கள், உடன்பிறந்தவர்களின் அசல் கையெழுத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை எழுதிய மூன்று ராத்திரியில் படிக்க வேண்டியவை என்று நான் தெரிந்துகொண்டது, இத்தனை வருஷம் இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டதைவிட அதிகம். அப்பா ஒரு நாவலுக்குப் பக்கத்திலேயே அது எந்த வரலாற்றிலிருந்து வந்ததோ அந்தப் புத்தகத்தையும் வைத்திருந்தார். கல்கிக்குப் பக்கத்தில் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு'. பண்டாரத்தார் பிறந்த ஊர் திருப்புறம்பியம், கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சோழர்கள் மறுபடி தலையெடுக்கக் காரணமான போர் நடந்த அதே ஊர். நாவலில் நள்ளிரவில் சதியாலோசனை நடக்கிற பள்ளிப்படைக் காடும் (பள்ளிப்படை என்பது இறந்த அரசனுக்கு எழுப்பிய நினைவுக் கோயில்) அங்கேதான். போர் நடந்த மண்ணில் பிறந்தவர் அந்த வரலாற்றை எழுதியிருக்கிறார், எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இது எனக்கு 46 வயதில்தான் தெரிகிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களை அப்பா பண்டாரத்தார் புத்தகத்தில் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தார்.

பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டுக்கும் நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஒரு தொகுதி. 1736 தொடங்கி 1761 வரை புதுச்சேரியில் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய குறிப்பு அது. அரசர்களும் வாள்வீச்சும் இல்லாத வரலாற்று நாவல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு முதலில் ஐந்து பாகத்தைக் கொடுக்காதீர்கள், கல்கியின் 'பார்த்திபன் கனவு' போதும். கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் ரயிலில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படித்துக்கொண்டு வந்து, இறங்கிய பிறகு தெருக்களில் நடந்து பாருங்கள். அதே ஜானகிராமன் எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' 1971இல் வந்த பயண நூல். குடகிலிருந்து கடல் வரை ஆற்றோடு போகிற புத்தகம், டாக்ஸி பிடித்துக் கோயில் கோயிலாக ஓடுகிறவர்களுக்குக் கைப்பையில் இருக்க வேண்டியது.

கதை அல்லாதவற்றில் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்ததால் முடியாமல் நிற்கிறது. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக (கீழ்க் கோர்ட்டு நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் இவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிற இடம் வருகிறதல்லவா? இவர் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று பெரிய பட்டியலே போடுகிறார். முதலியார் அசையவில்லை, இதனால் என்ன பயன் என்கிறார். அந்த ஒரு கேள்விதான் 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பில் போய் முடிந்தது. பட்டியல் எழுதிக்கொண்டிருந்த ராத்திரியில் அந்தப் பக்கங்களை மறுபடி படித்தேன். ஏடு தேடிப் போன வீட்டில், ஆடிப் பதினெட்டு வெள்ளத்தில் பழைய சுவடிகளைத் தேர் போலக் கட்டி விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

எங்கள் பரணிலும் ஒரு கட்டுப் பனையோலை இருந்தது. அத்தை மகன் அதை என் பெட்டிக்குள் வைக்கவே போய்விட்டான். இப்படி யாராவது அன்பாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, இலக்கிய மதிப்போ வரலாற்று மதிப்போ உள்ள, 75 வருஷத்துக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அதன் இடம் சரஸ்வதி மகால் போன்ற ஒரு சுவடி நூலகம்தான்.

ஆடிப் பதினெட்டு சாயங்காலம் 5 மணிக்கு நூலகத்திலிருந்து வீடு திரும்பினோம். 180 புத்தகத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள், எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. திண்ணையில் தராசின் தடம் தெரிந்தது. பேப்பர்காரர் வந்து போயிருக்கிறார். நூலகம் வேண்டாம் என்றதால் தனியாக எடுத்து வைத்த புத்தகக் கட்டுகளில் ஒன்றை, தேவையில்லாதது என்று நினைத்துச் சித்தப்பா போட்டுவிட்டார். கல்கி வாரப் பத்திரிகையில் 1950 முதல் 54 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைப் பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்ட் பண்ணி வைத்திருந்த ஐந்து பாகத்தில் மூன்றாம் பாகமான 'கொலை வாள்' அந்தக் கட்டுக்குள் இருந்தது. மறுநாள் காலை 7 மணிக்குப் பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். ராத்திரியே லாரி ஏற்றிவிட்டார்கள்.

மீதி நாலு பாகம் கைப்பையில் என்னோடு வந்தது. மணியம் வரைந்த படங்களின் மை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. முதல் பாகத்தில் ஒரு 'தொடரும்' போட்ட இடத்துக்குக் கீழே, பன்னிரண்டு வயது அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "இன்னும் 6 நாள்." பக்கத்துக்குப் பக்கம் இப்படி ஏதாவது இருக்கிறது. 'கொலை வாள்' புதிதாகக் கடையில் கிடைக்கிறது, வாங்கியும் விட்டேன். லாரியில் போன அந்தப் பாகத்தின் ஓரங்களில் அப்பா என்ன எழுதியிருந்தார் என்று நான் திறந்தே பார்க்கவில்லை.

நூலகம் எடுக்காததில் பெரும்பகுதியை அப்பா வேலை பார்த்த பள்ளி, பட்டியல் கடிதம் எதுவும் கேட்காமல் ஒரே மதியத்தில் வாங்கிக்கொண்டது. முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும்.

வீராணம் போகிறவர்கள் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை, மீன்சுருட்டி வழியாகக் காட்டுமன்னார்கோயில் போங்கள். மீன்சுருட்டியிலிருந்து கங்கைகொண்ட சோழபுரமும் கிட்டத்தில்தான். உடையார்குடிக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வெயில் தாழ ஏரிக்கரைக்கு வரலாம்.

என் மகள் அந்த முதல் அத்தியாயத்தை நூலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்துதான் வாசித்தாள். காலை 11 மணிக்குத் தொடங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி, சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தவரும் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய் என்று வருகிற இடத்தில் நிறுத்தினாள். கணவாய் என்றால் என்னம்மா என்றாள். தண்ணீர் வெளியே போகிற வழி, மதகு என்றேன்.

"எழுபத்து நாலும் இப்பவும் இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆடிக்கு இப்போதே டிக்கெட் போட்டிருக்கிறேன், போய் இறங்கிய மறுநாள் வீராணம்.