வெளிநாட்டுப் படிப்பு: ரேங்க் பட்டியலை எப்படிப் படிப்பது?

"உன் பல்கலைக்கழகம் உலக அளவில் எத்தனையாவது ரேங்க்?" வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளையிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பல லட்சம் கடன் வாங்கிப் போகிற படிப்பை அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். முதல்முறை தேடுகிறவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: முதலில் உங்கள் தேவையை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி போதும். என்ன படிக்கப் போகிறேன், படித்து முடித்து எந்த நாட்டில் வேலை தேடுவேன், மொத்தம் எவ்வளவு செலவழிக்க முடியும். இதை எழுதாமல் எந்தப் பட்டியலையும் திறக்க வேண்டாம்.

படி 2: பட்டியல் எதை அளக்கிறது என்று பாருங்கள்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் அதிகம் பேசப்படுபவை மூன்று: கியூஎஸ், டைம்ஸ் ஹையர் எஜுகேஷன், ஷாங்காய்.

ஷாங்காய் பட்டியலில் 30 சதவீத மதிப்பெண், நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் போகிறது. மீதியில் பெரும்பகுதி ஆய்வுக் கட்டுரைகளுக்கு. வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைப் பாருங்கள். பொருளாதாரத்தில் உலகமே மதிக்கும் இடம் அது. ஆனால் அறிவியல் ஆய்வகங்கள் இல்லாததால் ஷாங்காய் பொதுப் பட்டியலில் 150க்குப் பின்னால் நிற்கிறது.

கியூஎஸ் கணக்கு வேறு. பேராசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் கருத்துக் கேட்டு, அந்த நற்பெயருக்கு மட்டும் 45 சதவீதம் தருகிறது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தக் கணக்கு முறையை மாற்றினார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகம் 33லிருந்து 14க்கும், சிட்னி 41லிருந்து 19க்கும் ஏறின. ஒரே வருடத்தில் அங்கே பாடம் நடத்துவது அவ்வளவு மாறியிருக்குமா? அளவுகோல்தான் மாறியது. யாராவது ஒரு ரேங்க் சொன்னால் எந்தப் பட்டியல், எந்த வருடம், பல்கலைக்கழகம் முழுமைக்குமான பொது ரேங்கா, ஒரு பாடத்துக்கு மட்டுமான பாட ரேங்கா என்று மூன்றையும் கேளுங்கள். ஏஜென்ட் சொன்னால் கட்டாயம் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகின்றன.

படி 3: உங்கள் பாடத்தின் பட்டியலுக்குப் போங்கள்

நீங்கள் சேரப்போவது ஒரு துறையில். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் கியூஎஸ் பொதுப் பட்டியலில் 100க்கு வெளியே இருக்கிறது. கணினி அறிவியலில் முதல் 50க்குள் வருகிறது. அங்கே இளங்கலை மாணவர்கள் ஒரு பருவம் படிப்பு, அடுத்த பருவம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறிப் போகும் கோ-ஆப் முறை உண்டு. எந்த ரேங்க் எண்ணும் இதைச் சொல்லாது.

ஜெர்மனியில் ஃபாக்ஹோஹ்ஷூலே என்ற செய்முறைப் பல்கலைக்கழகங்கள் உண்டு. தொழிற்சாலைகளோடு நெருங்கிய தொடர்பு உள்ளவை. ஆய்வு குறைவு என்பதால் உலகப் பட்டியல்களில் பெரும்பாலும் தென்படாது. பெயர் இல்லை என்பதற்காக அவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

படி 4: ரேங்க் உண்மையிலேயே உதவும் இடங்கள்

சில விதிகள் ரேங்கைப் பார்க்கின்றன. இரண்டு உலகப் பட்டியல்களிலாவது முதல் 200க்குள் இருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தவர்களுக்கு, வேலை தேட நெதர்லாந்து ஓராண்டு அனுமதி தருகிறது. பிரிட்டன் 2022இல் தொடங்கிய ஒரு விசாவும் இப்படித்தான், ஆனால் அது பிரிட்டனுக்கு வெளியே படித்தவர்களுக்கு. சில உதவித்தொகைகளுக்கும் ரேங்க் வரம்பு இருக்கிறது, சில வங்கிகளும் பல்கலைக்கழகப் பட்டியல் வைத்துத்தான் பிணையில்லாமல் கடன் தருகின்றன. உங்களுக்குப் பொருந்துமா என்று அந்தந்த அரசு, வங்கி இணையதளத்திலேயே பாருங்கள்.

படி 5: ஐந்தாறு பெயரோடு பட்டியலை மூடிவிடுங்கள்

அப்புறம் முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக மொத்தக் கட்டணம், அந்த ஊரின் வாடகை, விருப்பப் பாடங்கள், படிப்புக்குப் பின் கிடைக்கும் வேலை அனுமதியின் காலம் எல்லாவற்றையும் குறியுங்கள். கடைசியாக, அதே படிப்பை இப்போது படிக்கும் இரண்டு பேரை லிங்க்ட்இன்னில் தேடி எழுதுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காமல், "உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது? எப்போது தேட ஆரம்பித்தார்கள்?" என்று கேளுங்கள்.