பழைய வானொலிக் கோபுரத்தின் வரலாற்றைக் களத்தில் கண்டறிவது எப்படி

முதலில் கோபுரத்தின் அடியைப் பாருங்கள். பீங்கான் இன்சுலேட்டர் (மின்சாரம் கடத்தாத தாங்கி) மேல் நின்றால் அது பெரும்பாலும் மீடியம் வேவ் (நடுத்தர அலை) கோபுரம். இரும்புச் சட்டமே ஆன்டெனா. வேலிக்கு வெளியிலேயே நில்லுங்கள். ஒலிபரப்பு ஓடும்போது தொட்டால் கை வெந்துவிடும்.

அடுத்து உயரம். 300-ஐ நிலையத்தின் அலைவரிசையைச் சொல்லும் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். அதில் கால் பங்குதான் வழக்கமான உயரம். 1000 கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது 1 மெகாஹெர்ட்ஸுக்கு, 75 மீட்டர். கணக்கு உதைத்தால் நிலையம் பின்னாளில் அலைவரிசை மாறியிருக்கலாம். உச்சியில் குடைக்கம்பிகள் இருந்தால் அது வேறு கதை: குட்டைக் கோபுரத்தை மின்சார ரீதியில் நீளமாக்கும் உத்தி அது.

நிலையத்தின் அலைவரிசை குறித்த தேதியில்லாத ஆவணத்துக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் 1978 நவம்பர் 23 முதல் மீடியம் வேவ் அலைவரிசைகள் 9-இன் மடங்குகளாயின. கிலோஹெர்ட்ஸ் எண் 9-ஆல் வகுபடாவிட்டால் அந்தத் தாள் பெரும்பாலும் அதற்கு முந்தியது. வகுபட்டால் எதுவும் உறுதியில்லை.

கோபுரத்தை இடித்த பிறகும் மண்ணில் தடயம் இருக்கும். அடியிலிருந்து ஆரக்கால்போல விரியும் செப்புக் கம்பிகளைத் தேடுங்கள். 1937-இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பின் 120 கம்பி என்பது பரவலான அளவானது. செம்புக்கு விலை இருப்பதால் முதலில் களவு போவதும் அதுதான். கோபுரத்தை இழுத்துப் பிடித்த கம்பிகளைக் கட்டிய நங்கூரக் காங்கிரீட் கட்டைகளை யாரும் தூக்கிப் போக மாட்டார்கள். அவற்றின் இடத்தை வரைபடத்தில் குறித்தால் கோபுரம் நின்ற மையம் கிடைத்துவிடும்.