சுடுதண்ணீரை முதியவர்களின் கை சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்

வெள்ளவத்தை வீட்டில் அம்மம்மா வாளிக்குள் கைவைத்து, "இளஞ்சூடுதான் பிள்ளை" என்றார். நான் தொட்டவுடனேயே கையை இழுத்துக்கொண்டேன். அவருடைய விரல்களோ சிவந்திருந்தன. வயது ஏற ஏறத் தோலில் தொடுகையை உணரும் நரம்பு முனைகள் குறைகின்றன, அவற்றுக்கான இரத்த ஓட்டமும் தளர்கிறது. சூடும் வலியும் பலருக்குத் தாமதமாகவே தெரியும். நீரிழிவும் சேர்ந்தால் பாதங்கள் முற்றாகவே மரத்துப்போகலாம்.

குளியலறை ஹீட்டரை 49 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்கள். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகே சுடுதண்ணீர். நடுப்பகலில் பம்பலப்பிட்டியில் கோயில் வீதியை வெறுங்காலுடன் சுற்றி வந்த பெரியவர்களின் உள்ளங்கால்களை அன்றிரவே நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. விரல் இடுக்குகளையும் விட்டுவிடாதீர்கள்.