பத்து நாள் ஊருக்குப் போனாலும் மாடித் தோட்டம் வாடாமலிருக்க: டேங்க் தண்ணீரில் ஓடும் சொட்டுநீர் இணைப்பு

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக ஊருக்குப் போக முடியாததற்குக் காரணம் தண்ணீர்தான். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தால் முதல் இரண்டு நாள் ஊற்றுவார்கள், மூன்றாம் நாள் அவர்கள் வீட்டிலும் ஒரு கல்யாணம் வந்துவிடும். தலைகீழாகக் கவிழ்த்துச் செருகும் பாட்டிலை நம்பவே வேண்டாம். மண் இளகலாக இருந்தால் ஒரே ராத்திரியில் காலி. இறுகியிருந்தால் ஒரு சொட்டுகூட இறங்காது. நாலைந்து தொட்டிதான் என்றால் நிழலில் சேர்த்து வைத்து, நடுவில் ஒரு பக்கெட், அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிய திரி, அவ்வளவு போதும். பத்துப் பைக்கு மேல் போனால் டைமர் வைத்த சொட்டுநீர்தான் வழி.

கீழே உள்ள கணக்கு 12×12 அங்குல வளர்ப்புப் பைகள் 30, சென்னை வெயில், 10 நாள் பயணம் என்பதற்கு.

வாங்க வேண்டியவை

16 எம்எம் கருப்பு லேட்டரல் பைப் (பைகளை ஒட்டி ஓடும் முக்கியக் குழாய்), 4 எம்எம் மைக்ரோ டியூப் (அதிலிருந்து ஒவ்வொரு பைக்கும் பிரியும் சின்னக் குழாய்), தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் டிரிப்பர் 30 (நாலைந்து கூடுதலாக), மூன்று பக்கம் பிரியும் டீ, வளைவுக்கு எல்போ, பைப் முனையை மூடும் எண்ட் கேப், பைப்பில் துளை போடும் பஞ்ச், முக்கால் அங்குல ஸ்கிரீன் ஃபில்டர், ஒரு பால் வால்வு, பேட்டரி டைமர். வெள்ளை அல்லது கண்ணாடி போன்ற டியூப் வேண்டாம். வெளிச்சம் புகுந்தால் உள்ளே பாசி பிடிக்கும்.

அழுத்தம்: எல்லோரும் சறுக்கும் இடம்

கடையில் கேட்டால் நல்ல சரக்கு என்று எடுத்துத் தருவது வயலுக்கான, அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் டிரிப்பர். அது மோட்டார் அழுத்தத்துக்குச் செய்தது. மாடிப்படி அறைமேல் இருக்கும் டேங்கில் அந்த அழுத்தம் கிடைக்காது. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் தருவது 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). டேங்கின் நீர்மட்டம் டிரிப்பரைவிட இரண்டரை மீட்டர் மேலே இருந்தால் 0.25 பார், அவ்வளவுதான். அதனால் சாதாரண டிரிப்பரையோ, தலையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரிப்பரையோ கேட்டு வாங்குங்கள். 30 பையையும் ஒரே அளவுக்குத் திருகி வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், திருகுவதைவிடச் சாதாரண டிரிப்பரே மேல்.

டிரிப்பர்மேல் "மணிக்கு 4 லிட்டர்" என்று இருந்தால் அது 1 பாரில். அழுத்தம் கால் பங்கானால் ஓட்டம் பாதியாகும். ஆகவே உங்கள் மாடியில் அது 2 லிட்டர் டிரிப்பர்.

டைமரிலும் இதே கதை. மலிவாகக் கிடைப்பவற்றில் பல, மின்காந்தத்தால் வால்வைத் திறக்கும் சோலனாய்டு வகை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் குறைந்தபட்ச அழுத்தம் 0.5 பார் என்பதுபோல ஒரு எண் இருக்கும். டேங்க் தண்ணீரில் மாட்டினால் "டிக்" என்று சத்தம் மட்டும் கேட்கும், தண்ணீர் வராது. அதைவிடப் பெரிய ஆபத்து, திறந்தது சரியாக மூடாமல் கசிந்துகொண்டே இருப்பது. உள்ளே சின்ன மோட்டார் பால் வால்வைத் திருப்பும் வகையை வாங்குங்கள். சுழியம் பாரிலும் வேலை செய்யும். விலை கூடுதல்தான். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

இணைக்கும் வரிசை

டேங்க் குழாய், பால் வால்வு, ஃபில்டர், டைமர், லேட்டரல். ஃபில்டர் டைமருக்கு முன்னால்தான் வர வேண்டும். இல்லாவிட்டால் டேங்கின் அடிவண்டல் டைமருக்குள் போய் உட்காரும்.

பைப்பை அரை மணி வெயிலில் போட்டுவைத்தால் சுருள் நிமிரும். முனையை வெந்நீரில் முக்கினால் எல்போ எளிதாக ஏறும். 30 பையையும் ஒரே நீளத்தில் கோக்காமல், நடுவில் டீ போட்டு இரண்டு பக்கமும் 15, 15 ஆகப் பிரியுங்கள். கடைசிப் பை காய்வதும் முதல் பை அழுகுவதும் அப்போது குறையும்.

எல்லாம் மாட்டியும் பாதிப் பைகளுக்குத் தண்ணீர் வராவிட்டால் அடைப்பு என்று டிரிப்பரைக் குடைய வேண்டாம். பெரும்பாலும் அது காற்று. பைப் ஒரு செங்கல்மேல் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். மோட்டார் அழுத்தம் அதைத் தள்ளிவிடும், டேங்க் அழுத்தத்தால் முடியாது. மேட்டைச் சமப்படுத்தி, எண்ட் கேப்பைக் கழற்றி, தொடர்ந்து சீராகத் தண்ணீர் வரும்வரை விட்டு, ஓடும்போதே மூடுங்கள்.

அளந்து பார்ப்பது

முதல் பை, நடுப் பை, கடைசிப் பை மூன்றின் டிரிப்பருக்கும் கீழே டம்ளர் வைத்து 6 நிமிடம் விடுங்கள். 200 மில்லி விழுந்தால் மணிக்கு 2 லிட்டர். மே மாதத் தக்காளி, கத்தரிப் பைக்கு நாளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால், காலை 6 மணிக்கு 15 நிமிடம், மாலை 5 மணிக்கு 15 நிமிடம். மொத்தமாக அரை மணி விட்டால் பாதி அடித்துளை வழியாகப் போய்விடும்.

30 பை, 10 நாள்: 300 லிட்டர். மோட்டாரை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் டேங்கில் 500 லிட்டராவது இருக்கப் பாருங்கள். மட்டம் இறங்க இறங்க ஓட்டமும் குறையும். டைமரே இல்லாமல் குழாயை லேசாகத் திறந்துவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம். ஒரு டியூப் கழன்றால் டேங்க் முழுக்கக் காலி. டைமர் இருந்தால் நட்டம் ஒரு நேரத்துக்கு 15 நிமிடத் தண்ணீர்தான்.

தேங்காய்நார்க் கழிவு கலந்த பையை முழுக்கக் காயவிட்டிருந்தால் சொட்டும் தண்ணீர் உள்ளே ஊறாது, ஓரமாக வழிந்து போகும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நன்றாக ஊற ஊற்றி, மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள்.

ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

நீங்கள் இல்லாதபோது வரும் விருந்தாளிகள்

அணில் டியூப்பைக் கடிப்பது தாகத்துக்குத்தான் என்றால் அதற்கு மருந்து தண்ணீரே. ஒரு டிரிப்பரை ஒதுக்கி, தோட்டத்தின் கோடியில் ஒரு செ.மீ. ஆழமுள்ள மண் தட்டில் விடுங்கள். ஆழம் முக்கியம். கோடையில் அன்றன்றே காய்ந்துவிடும் தட்டில் கொசு வளராது. ஆழமான கிண்ணத்தில் 10 நாள் தண்ணீர் தங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். அதே தட்டில் காலை வேளையில் தேன்சிட்டும் வந்து நனையும்.

கத்தரி இலையில் தையல்சிட்டு கூடு தைத்திருந்தால் அந்தப் பையை நகர்த்தாதீர்கள். பைப்பை அதனிடம் கொண்டுபோங்கள்.

சின்னக் கறிவேப்பிலைக் கன்றை மட்டும் கிளம்பும் அன்று இலை இலையாகப் பாருங்கள். பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக ஒட்டியிருப்பது எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும். பிறகு பச்சையாகி, பத்து நாளில் கன்றை மொட்டையாக்கிவிடும். கொல்ல வேண்டாம், இலையோடு கிள்ளி வளர்ந்த மரத்தில் விடுங்கள். மாவுப்பூச்சிக்கு இந்தச் சலுகை கிடையாது: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல், கிளம்புவதற்கு மூன்று நாள் முன் மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

வெண்டை, அவரை, வெள்ளரியில் பிஞ்சைக்கூட விடாமல் பறித்துவிடுங்கள். காய் முற்றினால் செடி பூப்பதை நிறுத்திக்கொள்ளும்.

எந்த மாதம் கிளம்புகிறீர்கள்

மே மாதத்துக்கு மேலே சொன்ன கணக்கோடு 50 சதவீத நிழல்வலையும் சேரட்டும். பொங்கலுக்கு அதில் பாதித் தண்ணீர் போதும். ஆடிப்பட்ட நாற்று விட்டு இரண்டு வாரம் ஆகும்வரை எங்கும் போகாமல் இருப்பது உத்தமம். நாற்றின் வேர் மேலாகவே இருக்கும், சொட்டு விழும் இடம் அதற்கு எட்டாது. தீபாவளிக்குப் போகிறவர்கள் டைமரை நிறுத்திவிட்டு, பைகளின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா, செங்கல்மேல் தூக்கி வைத்திருக்கிறதா, மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் சருகு இல்லையா என்று பார்த்தால் போதும்.

பிற்சேர்க்கை

போர்த் தண்ணீர்க்காரர்கள் பலருக்கு இரண்டாம் முறை ஊருக்குப் போகும்போது டிரிப்பர் பாதி அடைத்துவிடுகிறது. அது உப்புப் படிவு. கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் போட்டால் கரைந்துவிடும். டைமரில் கிளம்பும் அன்று புது ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். சில மாடல்கள் வால்வு திறந்திருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் திறந்தபடியே நின்றுவிடும். திரும்பி வந்ததும் பயணப் பையை இறக்கி வைத்த கையோடு எண்ட் கேப் இரண்டையும் கழற்றி, செம்மண் நிறத்தில் வரும் முதல் தண்ணீரைத் தரையில் ஓடவிடுங்கள்.