ஃபாஸ்ட் ஃபுட் குடும்ப விருந்தாகுமா? ஆக வைக்க ஒரு வழிகாட்டி

நம் ஊரில் ஃபாஸ்ட் ஃபுட் என்றால் பர்கர் பிறகுதான். முதலில் தெருமுனைத் தள்ளுவண்டி, சீறும் பர்னர், கரி பிடித்த இரும்புக் கடாய், டணடணவென்று கரண்டிச் சத்தம். முட்டை ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், சிக்கன் 65, கோபி மஞ்சூரியன். இதைக் குடும்ப விருந்து என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். ஆனால் மூன்றும் சேர வேண்டும்: முன்பே பேசிவைத்த நாள், எல்லோரும் ஒன்றாக உட்காருவது, கடாயிலிருந்து இறங்கிய சூடு. மாவு தீர்ந்துபோன புதன்கிழமை ஒன்பதரை மணிக்குப் பார்சல் வாங்கி, ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்தபடி சாப்பிடுவது சமையலுக்கு விட்ட லீவு. அதில் தப்பொன்றும் இல்லை, விருந்துக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். வாராவாரம் என்றால் குழந்தைகளுக்கே அதில் ஆசை போய்விடும், உப்பும் எண்ணெயும் வேறு சேரும். ‘மார்க் வாங்கினால் ஃப்ரைட் ரைஸ்’, ‘கீரை சாப்பிட்டால் நூடுல்ஸ்’ என்று பேரம் பேச வேண்டாம். கீரை தண்டனை, நூடுல்ஸ் பரிசு என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கடைக்குப் போவதென்றால்

ஏழு, ஏழேகாலுக்குள் போய்விடுங்கள். கூட்டம் ஏறிய பிறகு நான்கைந்து பிளேட்டை ஒரே கடாயில் சேர்த்துப் போடுவார்கள். அவ்வளவு சோறு விழுந்ததும் கடாய் சூடு இறங்கிவிடும். காய் வதங்காது, ஆவியில் வெந்து தொளதொளக்கும். பொரிக்கிற எண்ணெயும் நேரம் ஆக ஆகக் கறுக்கும்.

உட்காருவதற்கு முன் எண்ணெய்ச் சட்டியை ஒரு பார்வை பாருங்கள். அடி தெரியாத அளவு கறுத்து, ஓரத்தில் பிசுபிசுப்பான நுரை அடங்காமல் நின்றால் அங்கே பொரித்தது எதுவும் வேண்டாம், ஃப்ரைட் ரைஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயில் உருவாகும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. கடையில் நின்று அதை அளக்க முடியாது. நிறமும் வாடையும்தான் நமக்குக் கருவி.

அடுத்தது 65. பல கடைகளில் சிக்கனைப் பாதி பொரித்துத் தட்டில் குவித்து வைத்திருப்பார்கள், ஆர்டர் வந்ததும் மறுபடி எண்ணெயில் ஒரு முக்கு. பாதி வெந்த கறி வெளியில் மணிக்கணக்காகக் கிடப்பதில்தான் ஆபத்து. ‘பச்சையிலிருந்து புதுசா போட்டுக் கொடுங்கண்ணே, பத்து நிமிஷம் ஆனாலும் பரவால்ல’ என்று கேளுங்கள். முகம் சுளித்தால் கோபி வாங்கிக்கொள்ளலாம். துண்டைத் தொட்ட விரலில் சிவப்பு ஒட்டி, கழுவினாலும் போகவில்லையென்றால் அது பெரும்பாலும் மிளகாய்த்தூள் நிறமில்லை, கலர்ப்பொடி.

மயோனைஸ் தொட்டுச் சாப்பிடும் வீடு என்றால் முட்டையில்லாததா என்று கேட்டே வாங்குங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கு அது நல்ல விளைநிலம் என்பதால். சுத்த சைவக் குடும்பம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: கடாய் தனியா? தள்ளுவண்டியில் பெரும்பாலும் ஒரே கடாய், ஒரே கரண்டிதான்.

ஆர்டரில்தான் பணமும் சோறும் வீணாகிறது. ஆளுக்கொரு பிளேட் சொல்லாதீர்கள். ஒரு பிளேட் ஃப்ரைட் ரைஸ் பெரியவர் ஒருவருக்குக் கூடுதல். பெரியவர் இருவர், சிறுவர் இருவர் என்றால் முதலில் ஒரு முட்டை ஃப்ரைட் ரைஸ், ஒரு 65, நான்கு காலித் தட்டு. அது பாதி தீரும்போது ஒரு நூடுல்ஸ். தீர்ந்த பிறகும் பசித்தால் மூன்றாவது பிளேட். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் ஒவ்வொன்றும் சூடாக வரும், எல்லோரும் எல்லாவற்றையும் ருசிப்பார்கள், மிச்சத்தைப் பொட்டலம் கட்டும் வேலையும் இருக்காது. சின்னப் பிள்ளை இருந்தால் முதல் பிளேட்டை ‘சில்லி சாஸ் வேண்டாம், மிளகு கம்மி’ என்று சொல்லிவிடுங்கள். குளிர்பானத்துக்குப் பதில் எலுமிச்சை ஜூஸ். 250 மில்லி கோலாவில் சுமார் 26 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஐந்தாறு தேக்கரண்டி.

அஜினமோட்டோ பற்றிய பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள சோடியம் சாதா உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். சிக்கல் கூட்டுத்தொகையில்: உப்பு, சோயா சாஸ், சில்லி சாஸ், அதற்கு மேல் அதுவும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே ஏறக்குறைய 2 கிராம் உப்பு வந்துவிடும். ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் பிரஷர் உள்ள தாத்தா, பாட்டி இருந்தால் ‘அஜினமோட்டோ போடாதீங்க’ என்பதைவிட ‘சாஸும் உப்பும் பாதி போடுங்க’ என்பதே பலன் தரும்.

பார்சல்தான் வேண்டுமென்றால், வீடு பத்து நிமிட தூரத்துக்குள் இருக்கட்டும். மூடிய டப்பாவில் ஆவி தண்ணீராகிச் சோற்றில் இறங்கும், 65 நமத்துப்போகும். மூடியின் ஒரு மூலையைத் திறந்தே கொண்டுவாருங்கள், கிரேவியைத் தனியாகக் கேளுங்கள். அச்சிட்ட செய்தித்தாளில் சோறு நேரடியாகப் படக் கூடாது, இலை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே போடுவதென்றால்

கடைக் கைமணம் வீட்டில் வராததற்கு ரகசிய மசாலா எதுவும் காரணமில்லை. கடை பர்னரின் தீ வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு. நான்கு பேருக்கான சோற்றை ஒரேயடியாக வீட்டுக் கடாயில் கொட்டினால் தீயால் ஈடுகொடுக்க முடியாது. எனவே நான்கு ஈடாகப் பிரித்துப் போடுங்கள். இதை மட்டும் விடாமல் பின்பற்றினால் பாதி வெற்றி.

நான்கு பேருக்கு 400 கிராம் பாசுமதி. 20 நிமிடம் ஊறவைத்து, மூன்று லிட்டர் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, ஏழெட்டு நிமிடம். ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் மெல்லிய வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும், அப்போதே வடித்துவிடுங்கள். குக்கர் வேண்டாம். அகலத் தட்டில் பரப்பி, ஆறியதும் ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரமாவது வையுங்கள். குளிர்ந்த சோறு இறுகும், கரண்டி பட்டாலும் உடையாது. முந்தின நாளே வடிக்கலாம், ஆனால் இரவு முழுக்க மேடையில் விடக் கூடாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் கிருமி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

காய்: இரண்டு கேரட், பத்துப் பன்னிரண்டு பீன்ஸ், 150 கிராம் முட்டைகோஸ், ஒரு குடைமிளகாய், ஒரு கட்டு வெங்காயத்தாள், எட்டுப் பல் பூண்டு. எல்லாம் பொடியாக, முக்கியமாக ஈரமில்லாமல். முட்டை நான்கு. எல்லாவற்றையும் நான்கு பங்காக வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஆரம்பித்த பிறகு நறுக்க நேரம் கிடைக்காது.

இரும்புக் கடாயைப் பெரிய பர்னரில் மூன்று நிமிடம் வெறுமனே காயவிடுங்கள். (நான்ஸ்டிக் கடாயை இப்படி வெறுமனே காய வைக்கக் கூடாது, பூச்சு கெடும்.) ஒரு துளித் தண்ணீர் தெளித்தால் உடனே சுருண்டு மறைய வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு முட்டை. இருபது வினாடி கிளறி, பாதி வெந்ததும் எடுத்து வையுங்கள். இன்னும் அரை மேசைக்கரண்டி எண்ணெய், பூண்டு பத்து வினாடி. கேரட், பீன்ஸ் ஒரு நிமிடம். கோஸ், குடைமிளகாய் அரை நிமிடம். இப்போது கால் பங்குச் சோறு. துழாவாதீர்கள், கரண்டியின் முதுகால் அழுத்திக் கட்டியைப் பிரித்து, பதினைந்து வினாடி அப்படியே விட்டு, பிறகு புரட்டுங்கள். கால் தேக்கரண்டி மிளகுத்தூள். இரண்டு தேக்கரண்டி சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் கடாயின் ஓரச் சுவரில் சுற்றிலும் விடுங்கள். அந்த ‘ஸ்ஸ்’ சத்தத்தில் எழும் புகைதான் கடை வாசனை. அரைத் தேக்கரண்டி வினிகர், முட்டை, வெங்காயத்தாள், ஒரு புரட்டு, இறக்கல். மொத்தம் ஐந்து நிமிடம். ருசி பார்த்த பிறகே உப்பு.

சோறு குழைந்தால், கூடுதலாக வெந்திருக்கிறது அல்லது ஆறாமல் போட்டிருக்கிறீர்கள். காய் தண்ணீர் விட்டால், கழுவிய ஈரம் காயவில்லை அல்லது உப்பை முதலிலேயே போட்டாயிற்று. கறுத்துக் கசந்தால் சோயா சாஸ் அதிகம், இல்லையேல் பூண்டு கருகியது.

65க்கு எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ. நெஞ்சுக்கறி வறண்டுபோகும். துடைத்த கறியில் ஒன்றரை மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மஞ்சள் பிசறி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். பொரிப்பதற்குச் சற்று முன்புதான் ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி சோளமாவு, ஒன்று அரிசிமாவு. முன்பே மாவு போட்டால் நீர்த்து, பூச்சு எண்ணெயில் கழன்றுவிடும். மிதமான சூட்டில் ஒரு தடவைக்கு ஏழெட்டுத் துண்டு, ஐந்து நிமிடம். எடுத்து ஆறவிட்டு, பரிமாறும்போது பெருந்தீயில் ஒரு நிமிடம் மறுபொரிப்பு, கடைசியில் கறிவேப்பிலை. முதல் பொரிப்பிலேயே பெரிய துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. காலிஃப்ளவர் என்றால் மஞ்சள், உப்பு போட்ட வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, துணியில் கால் மணி நேரம் உலர்த்திவிட்டு இதே மசாலா. தயிரும் முட்டையும் வேண்டாம்.

நான்கு ஈடும் முடியும்வரை காத்திருந்தால் முதல் ஈடு ஆறிவிடும். ஒவ்வொரு ஈட்டையும் தட்டில் கொட்டி நடுவில் வைத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், முதல் ஈடு காரம் குறைவாகப் பிள்ளைகளுக்கு. நான்கு ஈட்டையும் ஒரே ஆள் போடக் கூடாது. முட்டை அடிப்பது, வெங்காயத்தாள் கிள்ளுவது பிள்ளைகள் வேலை. கரண்டி ஆளுக்கு ஓர் ஈடு கைமாறட்டும். அம்மா மட்டும் அடுப்படியில் வேர்த்து நின்று மற்றவர்கள் சாப்பிட்டால் அதற்குப் பெயர் ஓவர்டைம்.

மிச்சச் சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே, ஒரே ஒரு தடவை ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள். பொரித்த எண்ணெயை ஆறியதும் வடிகட்டி, இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்குச் செலவழிக்கலாம், மறுபடி பொரிக்க வேண்டாம். அடியில் தங்கிய மண்டியைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய காகிதத்தில் ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள்.